பில் செக்‌ஷனும் ஜஸ்பால் பட்டியும்

1980களின் கடைசியில் சண்டிகரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் பில் செக்‌ஷனில் இருந்தேன். ஊழியர்களின் மருத்துவச் செலவு பில்களைச் சரிபார்க்கிற வேலை. மருந்து தேவைதான் என்று சொல்லும் எசென்ஷியாலிட்டி சர்டிபிகேட்டில் டாக்டர் கையெழுத்து இருக்கிறதா, ரசீது ஒட்டியிருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பதோடு எங்கள் அதிகாரம் முடிந்துவிடும். ஓர் அதிகாரியின் பில் மாதம் தவறாமல் வரும். ஜனவரி ரசீதுக்கு அடுத்த எண் பிப்ரவரியில், அதற்கடுத்தது மார்ச்சில். இடையில் அந்த மருந்துக் கடைக்கு வேறு ஈ காக்கைகூட வரவில்லை போலிருக்கிறது. காகிதம் சரியாக இருந்தது, பில் பாஸானது.

1989இல் தூர்தர்ஷனில் ‘ஃப்ளாப் ஷோ’ வந்தது. ஜஸ்பால் பட்டி எழுதி, இயக்கி, நடித்தார். தயாரிப்பு அவர் மனைவி சவிதா. மொத்தம் பத்தே எபிசோட். ஆராய்ச்சி மாணவனை வீட்டு வேலைக்கு விரட்டும் பேராசிரியர், ஒன்றுமே முடிவாகாத அலுவலக மீட்டிங், காண்டிராக்டர், அப்புறம் எங்கள் மருத்துவ பில். ஒவ்வொரு எபிசோடையும் அந்தந்த ஆசாமிகளுக்கே சமர்ப்பணம் செய்வார். என் இந்தி அப்போது அரைகுறைதான். ஆனால் அலுவலகம் எங்கேயும் ஒன்றுதானே, ஒரு வரி விடாமல் புரிந்தது.

மருத்துவ பில் எபிசோட் வந்த மறுநாள் செக்‌ஷனில் ஒரே பேச்சு. நான் சொன்ன அந்த அதிகாரி வந்து நின்று எல்லோரையும்விட உரக்கச் சிரித்தார். அடுத்த மாதமும் அவர் பில் வந்தது. நையாண்டியால் அலுவலகம் திருந்தும் என்று அதன்பின் நான் நம்பியதில்லை. ஒன்று மட்டும் மாறியது. சந்தேகமான பில்லை யாராவது எடுத்தால் “பட்டி சாஹிப் கேஸ், ஜி” என்று நீட்டுவார்கள். அதுவரை கண்டும் காணாமல் தள்ளியதை வாய்விட்டுச் சொல்ல ஒரு வழி கிடைத்தது.

அந்தக் காலப் பஞ்சாபையும் சொல்ல வேண்டும். தீவிரவாதம் உச்சத்தில் இருந்தது. பேருந்திலிருந்து ஆட்களை இறக்கிச் சுட்ட செய்திகள். இருட்டுவதற்குள் வீடு சேர்ந்துவிடுவோம். தலைப்பாகை கட்டிய ஒருவர் சிரிக்காத முகத்துடன் டிவியில் வந்து நாடு முழுவதையும் சிரிக்க வைத்தது அந்த நாட்களில்தான். அதன் மதிப்பு அங்கே இருந்தவர்களுக்குக் கூடுதலாகவே தெரியும்.

1955இல் அமிர்தசரஸில் பிறந்தவர் பட்டி. சண்டிகரில் பஞ்சாப் பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரிகல் படித்தார். ‘நான்சென்ஸ் கிளப்’ தொடங்கித் தெரு நாடகம் போட்டார், ‘தி ட்ரிப்யூன்’ நாளிதழில் கார்ட்டூன் வரைந்தார். ‘உல்டா புல்டா’ என்ற குட்டி நிகழ்ச்சிதான் முதலில் அவரைத் தேசம் அறியச் செய்தது. பிறகு சினிமாவிலும் நடித்தார். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை, அடுத்தவர் எழுதிய வசனத்தில் அவர் பாதி ஆளாகத்தான் தெரிந்தார். ஹவாலா கட்சி, சூட்கேஸ் கட்சி என்று அவர் நடுத்தெருவில் தொடங்கிய கேலிக் கட்சிகள் அவற்றைவிட மேல்.

2012 அக்டோபரில் நான் திருச்சிக்கு வந்து வெகுகாலமாகியிருந்தது. சென்னையைத் தவிரத் தமிழ்நாடே மணிக்கணக்கில் மின்வெட்டில் தவித்த நேரம். பட்டி தன் மகனைக் கதாநாயகனாக்கி ‘பவர் கட்’ என்றே ஒரு பஞ்சாபிப் படம் எடுத்திருந்தார். எலக்ட்ரிகல் படித்தவருக்கு வேறென்ன தோன்றும்! அதன் விளம்பரத்துக்காக ஊர் ஊராகச் சுற்றியவரின் கார் 25ஆம் தேதி விடியலுக்கு முன் ஜலந்தர் மாவட்டம் ஷாகோட் அருகே மரத்தில் மோதியது. வயது 57. படம் மறுநாள் வெளியானது.

2013இல் பத்ம பூஷண் அறிவித்தார்கள். உயிரோடு இருந்திருந்தால், அதை வாங்க டெல்லி போய்வந்த பயணப்படி பில் எந்தெந்த மேசையில் எதற்காகத் திரும்பியது என்று பதினோராவது எபிசோடை எடுத்திருப்பார்.