கூட்ட அறை கிடைக்காததற்கு டேட்டாபேஸ் காரணம்

மெமரி பாதிக்கு மேல் காலி, சிபியு தூங்கி வழிகிறது, ஆனாலும் 4 ஜிபி கேட்கிற ஒரு சுண்டைக்காய் விஎம்மை (சர்வருக்குள் மென்பொருளாக ஓடும் மெய்நிகர் கணினி) ஆன் பண்ணவே முடியாது என்று, அவற்றையெல்லாம் மேய்க்கும் விசென்டர் மென்பொருள் அடம் பிடிக்கிறது. போன மாதம் எங்கள் ஆபீஸில் நடந்தது இதுதான். அந்தச் சுண்டைக்காய் பார்க்கிற வேலை கூட்ட அறைகளுக்கு முன்பதிவு எடுப்பது என்பதால், விஷயம் ஐடி ஆட்களோடு முடியாமல் சிங்கப்பூர் பாய லேபாரில் எங்கள் மாடி முழுக்கப் பரவிவிட்டது.

நான்கு சர்வரை ஒன்றாகக் கட்டி ஓட்டும் விஎம்வேர் கிளஸ்டர் எங்களுடையது. ஒவ்வொன்றிலும் 32 கோர், கோருக்கு 2.6 கிகாஹெர்ட்ஸ், 384 ஜிபி மெமரி. எழுபது சொச்சம் விஎம்கள் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. அங்கே புதிதாக ஒரு கணக்கு மென்பொருள் வந்து சேர்ந்தது. அதற்கு இரண்டு டேட்டாபேஸ் விஎம்கள், ஒன்று படுத்தால் இன்னொன்று எழுந்து வேலையைப் பார்க்கும். விற்ற கம்பெனியின் ஆவணத்தில் கொட்டை எழுத்தில் ஒரு வரி: ஆளுக்கு 16 விசிபியு (விஎம்முக்குக் கொடுக்கும் சிபியு), 128 ஜிபி, இரண்டையும் நூறு சதவீதம் ரிசர்வ் செய்யவேண்டும், அதாவது அவர்களுக்கென்றே எடுத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் சப்போர்ட் கிடையாது. சப்போர்ட் கிடையாது என்ற சொல்லைக் கேட்டாலே எங்கள் மேனேஜருக்கு வயிற்றைக் கலக்கும், அதனால் உடனே கையெழுத்து.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 விசிபியுவை 2.6ஆல் பெருக்கினால் ஒரு விஎம்முக்கு 41.6 கிகாஹெர்ட்ஸ். ஒரு முழு சர்வரின் கொள்ளளவே 83.2தான், அதிலும் விஎம்களைத் தாங்கி ஓட்டும் ஹைப்பர்வைசர் தன் பங்கைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும்.

சனிக்கிழமை ராத்திரி அந்தக் கம்பெனி ஆள் வந்து எல்லாம் நிறுவி முடித்து ஆன் பண்ணப் போனால், அட்மிஷன் கண்ட்ரோல் விடவில்லை. ஒரு சர்வர் செத்தால் அதில் இருந்த விஎம்களுக்கு மற்ற சர்வர்களில் இடம் இருக்குமா என்று முன்கூட்டியே பார்க்கிற காவல் அது. இருக்காது என்று தோன்றினால் புதிதாக எதையும் ஆன் பண்ண விடாது, ஓடுகிற விஎம்மின் ரிசர்வேஷனைக் கூட்டவும் விடாது. மனிதர் என்ன செய்தார்? காவலை அணைத்தார், இரண்டு விஎம்களையும் ஆன் செய்தார், பிறகு பொறுப்பாகக் காவலைத் திரும்பப் போட்டுவிட்டு, ‘எல்லாம் வெற்றிகரமாக முடிந்தது’ என்று மெயில் அனுப்பிவிட்டுக் கடைசி ரயிலைப் பிடிக்கப் போய்விட்டார். கிளஸ்டர் பெயருக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதை யார் பார்க்கிறார்கள்?

திங்கள் காலை, ஏற்கனவே திட்டமிட்டபடி, அறை முன்பதிவு விஎம்முக்கு மெமரி கூட்டுவதற்காக எங்கள் டீம் பையன் அதை ஆஃப் செய்தான். ஆஃப் ஆனது. ஆன் ஆகவில்லை.

எல்லாச் சிக்கலும் ஸ்லாட் கணக்கில் இருக்கிறது. பழைய முறையில், கிளஸ்டரில் ஓடுகிற விஎம்களிலேயே பெரிய சிபியு ரிசர்வேஷன் எது, பெரிய மெமரி ரிசர்வேஷன் எது என்று பார்த்து, அதையே எல்லோருக்கும் பொதுவான ஒரு ஸ்லாட்டின் அளவாக வைத்துக்கொள்வார்கள். ரிசர்வேஷனே இல்லாத விஎம் என்றால் சிபியுவுக்கு வெறும் 32 மெகாஹெர்ட்ஸ் போதும், அதுவரை எங்களுக்கு ஸ்லாட்டுகள் கொட்டிக் கிடந்தன. இப்போது ஒரு ஸ்லாட் 41,600 மெகாஹெர்ட்ஸ். ஒரு சர்வரில் இரண்டு அடங்காது, ஒன்றுதான். நான்கு சர்வருக்கு நான்கு ஸ்லாட், ஒரு சர்வர் சாகும் என்று ஒதுக்கினால் மூன்று. எழுபது பேர் குடியிருக்கிற வீட்டில் மூன்று பேருக்குத்தான் இடம் என்று விசென்டர் முடிவு கட்டிவிட்டது. உள்ளே இருப்பவர்களை வெளியே தள்ளாது, ஆனால் கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவனுக்குக் கதவு திறக்காது. இதில் இன்னொரு கூத்து, அந்த நேரத்தில் ஒரு சர்வர் நிஜமாகவே செத்திருந்தால் அதிலிருந்த விஎம்களை எச்ஏ (சர்வர் செத்தால் விஎம்களைக் காப்பாற்றும் வசதி) தானாகவே வேறு சர்வர்களில் எழுப்பியிருக்கும், ஏனென்றால் இந்தக் காவல் நாம் ஆன் பண்ணுவதைத்தான் தடுக்குமே தவிர எச்ஏவைத் தடுக்காது.

இதற்குள் மாடியில் அறை வாசல்களில் இருந்த சின்னத் திரைகள் எல்லாம் கறுத்துவிட்டன. சிங்கப்பூர்க்காரர்கள் இதற்கெல்லாம் அசருவார்களா? பத்து மணிக்குள் ஒவ்வொரு அறை மேசையிலும் இடம் பிடித்ததற்கு அடையாளமாக ஒரு டிஷ்யூ பாக்கெட். ஒரு அறையில் குடை. இன்னொன்றில் ஒருவர் தன் ஆபீஸ் கார்டையே வைத்து இடம் பிடித்துவிட்டுக் கோப்பி வாங்கக் கீழே இறங்கிவிட்டார், அப்புறம் மேலே வந்து கண்ணாடிக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார்.

கடைசியில் ரிசப்ஷன் அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நாட்டாமையில் இறங்கினார். யார் வந்து இருபது பேர் அறை கேட்டாலும், “எத்தனை பேர் தம்பி வர்றீங்க? நாலு பேரா? அப்போ அந்தச் சின்ன ரூம் போதும்.” பத்து நிமிடத்தில் ஆள் வரவில்லையென்றால் பேனாவால் ஒரு கோடு, அடுத்தவர் உள்ளே.

எங்களுக்குத் தீர்வு தெரியும். ஸ்லாட் முறையை விட்டுவிட்டு, மொத்தத்தில் இத்தனை சதவீதம் ஒதுக்கு என்று மட்டும் பார்க்கும் சதவீத முறைக்கு மாறினால் போதும். 2016இல் வந்த விஎம்வேரின் விஸ்பியர் 6.5 பதிப்பு முதல் அதுதான் இயல்பான அமைப்பு, எங்களுடையது பழைய கிளஸ்டரை அப்படியே மேம்படுத்திக்கொண்டு வந்ததால் பழசே தங்கிவிட்டது. ஆனால் அவசர மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கக் கூட்டம் போடவேண்டும், கூட்டத்துக்கு அறை வேண்டும். அக்காவிடம் போய் நின்றோம். “எத்தனை பேர்?” என்றார். ஐந்து என்றதும் நாலு நாற்காலி அறையைக் கொடுத்தார், மேனேஜர் நின்றுகொண்டே ஒப்புதல் அளித்தார்.

மாற்றியதும் சிபியுவில் கிட்டத்தட்ட 75 சதவீதம் ரிசர்வ் ஆகாமல் இருப்பதாகக் கணக்கு வந்தது, ஒரு சர்வர் சாவுக்கு ஒதுக்கவேண்டியது 25தான். சுண்டைக்காய் அடுத்த நொடியே எழுந்தது.

சரி, அந்த 41.6 கிகாஹெர்ட்ஸ் எங்கே போனது? எங்கள் டேட்டாபேஸ் அண்ணன், மதுரைக்காரர், மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு ஓடுகிற நேரத்தையும் சேர்த்து அளந்து பார்த்தார். உச்சத்தில் ஆறு கிகாஹெர்ட்ஸைக்கூடத் தொடவில்லை. “தம்பி, இது ஆசைக்குக் கேட்டது, பசிக்குக் கேட்டதில்ல,” என்றார்.

நியாயமாகச் சொன்னால் சிபியு ரிசர்வேஷனில் பெரிய பாவம் இல்லை, எடுத்து வைத்தவர் சும்மா இருந்தால் மற்றவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், கெடுவது இந்த ஆன் பண்ணும் கணக்கு மட்டும்தான். மெமரி வேறு ஜாதி, ரிசர்வ் செய்த விஎம் ஒருமுறை தொட்டுவிட்டால் அந்த இடம் திரும்பி வராது. ஆனாலும் எடுத்த மெமரியை விடாமல் வைத்திருக்கிற டேட்டாபேஸுக்கு மெமரி ரிசர்வேஷன் சரியான விஷயம் என்றுதான் நான் சொல்வேன். அதனால் 128 ஜிபியை அப்படியே விட்டு, சிபியு ரிசர்வேஷனைப் பூஜ்யமாக்கி, ஷேர்ஸை மட்டும் ‘ஹை’ என்று வைத்தோம். நெருக்கடி வந்தால் முதல் பந்தி, மற்ற நேரத்தில் எல்லோரையும் போல. இந்தக் கதையில் ஆரம்பத்திலிருந்தே சந்தோஷமாக இருந்தவர் ஸ்டோரேஜ்காரர் ஒருவர்தான். மெமரியை முழுதாக ரிசர்வ் செய்தால், மெமரி பற்றாதபோது உதவ டிஸ்க்கில் இடம் பிடிக்கும் ஸ்வாப் ஃபைல் பூஜ்யமாகிவிடும், இரண்டு விஎம்முக்கும் சேர்த்து 256 ஜிபி டிஸ்க் அவருக்கு மிச்சம்.

விற்ற கம்பெனியோடு சப்போர்ட் பற்றி மெயிலில் ஒரு வாரம் இழுபறி. கடைசியில் எங்கள் அமைப்பு சரி என்று எழுதிக் கொடுத்தார்கள். போன வெள்ளிக்கிழமை அடுத்த பதிப்புக்கான ஆவணமும் வந்திருக்கிறது: ஆளுக்கு 24 விசிபியு, நூறு சதவீதம் ரிசர்வ். டேட்டாபேஸ் அண்ணன் ஒரு வார்த்தை எழுதாமல் பழைய கிராஃபை மட்டும் இணைத்து அனுப்பினார். இன்னும் பதில் இல்லை.