காலி ஸ்லாட்

ஆன்லைன் வகுப்பில் டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்ல மகள் வாயெடுத்தாள். எங்கள் பழைய கம்ப்யூட்டரின் திரை அப்படியே நின்றுவிட்டது. அவள் முகம் வாடியதைப் பார்க்க முடியவில்லை.

கம்ப்யூட்டரில் எது எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி 94%, டிஸ்க் 100%.

ராம், அதாவது ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் மெமரி, நிரம்பினால் மிச்சத்தை ஹார்ட் டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். அதான் உள்ளேயிருந்து கரகர சத்தம்.

மூடியைக் கழற்றினேன். ராம் செருகும் ஒரு ஸ்லாட்டில் 4 ஜிபி டிடிஆர்3 வகை ராம். பக்கத்து ஸ்லாட் காலி, உள்ளே பஞ்சு மாதிரி தூசி. இதில் அடுத்த தலைமுறையான டிடிஆர்4 உட்காராது, நடுவில் இருக்கும் வெட்டே இடம் மாறியிருக்கும்.

"புதுசே வாங்கிடலாமே" என்கிறார் வீட்டுக்காரர்.

மகள் முதன்முதலில் தன் பெயரை டைப் அடித்தது இதில்தான். அதற்குள் தூக்கிப்போட மனசு வரவில்லை.

காலி ஸ்லாட்டுக்கு இதே மாதிரி இன்னொன்று வாங்க, சனிக்கிழமை சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைவீதியான ரிச்சி தெருவுக்குப் போகிறேன், பழைய ராமைக் கையோடு எடுத்துக்கொண்டு.