பொடக்காலில இருந்து வீட்ட வரைய ஆரம்பிங்க

புதுசா வீடு கட்டறோம்னு யாரு சொன்னாலும் நான் முதல்ல கேக்கற கேள்வி, பொடக்காலி, அதான் வீட்டுக்குப் பின்னால பொழங்கற எடம், எந்தப் பக்கமுங்க வருது, அடுப்படில இருந்து அங்க போக நேரா கதவு இருக்குதான்னுதான். எல்லாரும் போர்டிகோவுல இருந்து வரைய ஆரம்பிக்கறாங்க, அப்பறம் பெரிய ஹாலு, அப்பறம் பெட்ரூமு, எல்லாம் முடிஞ்சு மிச்சம் கெடக்கற மூலைல அடுப்படி, அதுக்குப் பின்னால ஒரு மூணடி சந்து, அந்தச் சந்துலதான் பாத்திரம் கழுவணும், துணி துவைக்கணும், சிலிண்டரு வைக்கணும், வாஷிங் மெஷினும் வைக்கணும். நம்ம ஊருப் பக்கம் பொம்பளைங்களோட பாதி நாளு அங்கதான் போவுது, ஆனா ப்ளான்ல அந்த எடத்துக்குப் பேரு கூட எழுத மாட்டேங்கறாங்க.

எங்க சைட்டு பல்லடத்துக்குப் பக்கத்துல, 40க்கு 60, அஞ்சரை செண்டு, வடக்கால ரோடு. மாமாவுக்கு முட்டி வலி, அத்தைக்கு சுகரு, பசங்க ரெண்டு பேரு, அதனால மாடியே வேண்டாம், எல்லாம் ஒரே தளத்துல இருக்கட்டும்னு முடிவு பண்ணிட்டோம். 32க்கு 45, கிட்டத்தட்ட பதினாலரை சதுரம் (ஒரு சதுரமுன்னா நூறு சதுரடி). மாடி இருந்தா ஒரு ரூமு எடம் மாறுனாலும் மேல தள்ளிக்கலாம், ஒத்தத் தளத்துல அந்த வசதி கெடையாது, ஒரு செவுரு அரையடி நகந்தா பக்கத்து ரூமுல இடிக்கும். அதனாலதான் யாரு எங்க நடக்கறாங்கன்னு முதல்லயே பாக்கணும்.

வாஸ்துப்படி அடுப்படி அக்னி மூலை, அதாவது தென்கெழக்கு. ரோடு வடக்கால இருந்தாலும் மேக்கால இருந்தாலும் அந்த மூலை தானாவே வீட்டுக்குப் பொறத்தால வந்துருது, பொடக்காலியோட சேந்துக்குது. கெழக்கு ரோட்டுக்கும் தெக்கு ரோட்டுக்கும் அதே மூலை வாசப்பக்கம் வந்து நிக்கும், சமைக்கறது முன்னால, கழுவறது பின்னால, நடுவுல வீட்டையே தாண்டி எச்சப் பாத்திரத்த தூக்கிட்டுப் போகணும். கெழக்குப் பாத்த சைட்டுன்னு செண்டுக்கு எச்சா காசு குடுத்து வாங்கறவங்க இத யோசிக்கணுமுங்க. வாங்கியாச்சுன்னா தெக்குப் பக்கம் ஆறேழு அடி விட்டு அதையே பொடக்காலியா வச்சுக்கறது நல்லது. சில பேரு வாயு மூலைக்கு, அதான் வடமேக்கு மூலைக்கு அடுப்படிய மாத்தறாங்க, சாஸ்திரம் ஒத்துக்குதுன்னு சொல்றாங்க, ஆனா நம்ம காத்து ஒத்துக்காது.

காத்துன்னா மேக்காத்து. பாலக்காட்டுக் கணவாய் வழியா பூந்து வைகாசில ஆரம்பிச்சு ஆவணி வரைக்கும் அடிக்கறது, பல்லடம் உடுமலை தாராபுரம் பக்கம் கரண்டு எடுக்கற காத்தாடி இத்தன நிக்கறதே அதனாலதான். வடமேக்கு மூலைல அடுப்படி இருந்தா கொழம்பு தாளிக்கற நெடி வீடு பூராவும் சுத்தும், ஜன்னலச் சாத்துனா புழுக்கம். தென்கெழக்குல இருந்தா அதே காத்து பொகையத் தள்ளிட்டு கெழக்கால வெளிய போயிரும், காலைல வெயிலும் அங்க விழுகும். அக்னி மூலைன்னு பெரியவங்க சொன்னது இந்தக் காத்துக்கு அவ்வளவு பொருந்துது. வேற ஊருக்கு எப்படியோ, நம்ம பக்கத்துக்கு அந்த மூலைய விட்டுக்குடுக்காதீங்க.

அடுப்படிய 10க்கு 10ன்னு போட்டிருக்கோம். மேடை ரெண்டடி அகலம், எல் ஷேப்புல. இன்ஜினியரு மூணு பக்கமும் மேடை போட்டுரலாம், ஸ்டோரேஜ் கெடைக்கும்னாரு, அத்தை ஒரே வார்த்தைல "சந்தகை எங்க புழியறது சாமி"ன்னு கேட்டாங்க. நெசந்தானுங்க, சந்தகைங்கறது இடியாப்பம் மாதிரி, அச்ச கீழ வச்சு ஒருத்தரு அமுத்தணும், ஒருத்தரு தட்டப் புடிக்கணும், வெந்தத அடுப்புல இருந்து சூடா எடுத்துட்டு வர்றவங்க மூணாவது ஆளு, இவங்களுக்கு நடுவுல தரை காலியா இருக்கணும். மூணு பக்கமும் மேடை போட்டா நடுவுல நிக்கறதுக்கு ஆறடிதான் மிஞ்சும், அதுலயும் பிரிட்ஜ் கதவு தொறக்கணும். அடுப்படிக்குப் பின்னால அஞ்சடி அகலத்துல கூரை போட்ட யுட்டிலிட்டி, அதத் தாண்டி வானம் பாத்த பொடக்காலி. துவைக்கற கல்லு, தண்ணித் தொட்டி, தண்ணி காய வைக்க ஒரு வெறகடுப்பு, வடகம் காயப்போட வெயிலு, ஓரமா கருவேப்பில, முருங்க. பேவர் பிளாக்க செவுரு வரைக்கும் போட்டு மூடிராதீங்க, ரெண்டு மரத்துக்காவது மண்ணு விடுங்க.

ரூமுங்க எல்லாம் மேக்கு வரிசைல. முன்னால வடமேக்குல மாமா அத்தை ரூமு, ஹால ஒட்டியே, யாராவது வந்தா படுத்துட்டே குரல் குடுக்கலாம். தென்மேக்கு கன்னி மூலைல எங்க ரூமு. நடுவுல பசங்க ரூமு. மாமா ரூமுக்கும் பசங்க ரூமுக்கும் நடுவுல ரெண்டு பாத்ரூமு முதுகோட முதுகா, ஒண்ணுக்குக் கதவு மாமா ரூமுக்குள்ள, இன்னொன்னு டைனிங் பக்கம் எல்லாருக்கும் பொது. ரூமுக்கு ஒரு அட்டாச்சு வேணுமுன்னு சொந்தக்காரங்க நெறைய சொன்னாங்க, ஒவ்வொரு பாத்ரூமும் நாப்பது சதுரடிய எடுத்துக்குது, அதக் கழுவறதும் ஒரு ஆளு வேலை, எனக்கு ரெண்டே போதும். சித்திரை வைகாசில பொழுது எறங்கறப்ப மேக்குச் செவுரு வாங்குன சூட்ட ராத்திரி பூராவும் உள்ள விடும், அதனால அந்தச் செவுத்துல பாத்ரூமும் பீரோ அலமாரியும் வந்தா படுக்கற எடம் தப்பிக்கும். காத்துக்கு மேக்கால ஒரு சின்ன ஜன்னலு, எங்க ரூமுக்குத் தெக்கால ஒரு பெரிய ஜன்னலு. காத்து வர வழி வச்சா போகவும் வழி வைக்கணுமுங்க, இல்லாட்டி ஜன்னலு இருந்தும் ஃபேனுக்குக் கீழயே கெடக்கணும்.

பெரியவங்க பாத்ரூமுக்கு ரெண்டரையடிக் கதவு போடாதீங்க, மூணடி போடுங்க. நாளைக்கு வாக்கரோ வீல்சேரோ வந்தா ரெண்டரையில நொழையாது. வாசப்படிக்கும் இதே கணக்குதான். வீல்சேர் ராம்ப்புக்கு ஒரு அடி ஒசரத்துக்கு 12 அடி நீளம் வேணும். தரை மூணடி ஒசரமுன்னா 36 அடி ராம்ப்பு, அதுக்கு எங்க எடம்? அதனால சைட்டு முழுக்க கிராவல் கொட்டி ஒசத்திட்டு, வாசல்ல இருந்து வீட்டுத் தரை ஒன்றரை அடி மட்டும் இருக்கற மாதிரி பண்றோம். மூணு படி, பக்கத்துல 18 அடி ராம்ப்பு, அது கார் நிக்கற பக்கமா ஓடிரும்.

மனையடி சாஸ்திரம் பாக்கறவங்களுக்கு ஒண்ணு. 11 அடி ஆகும், 16 ஆகும், நடுவுல 12ல இருந்து 15 வரைக்கும் ஆகாதுன்னு சொல்லுவாங்க. அதனால பெட்ரூமு 11லயே நின்னுரும். அது போதும், கட்டிலு நீளம் ஆறரையடி, எதுக்க அலமாரி ரெண்டடி, மிச்சம் ரெண்டரையடி நடக்கறதுக்கு. 10 அடிப் பக்கமா கட்டில நீட்டிப் போட்டா ஒன்றரை அடிதான் மிஞ்சும், அலமாரி கதவத் தொறந்தா கட்டில்ல முட்டும். கதவ செவுத்து நடுவுல வைக்காம மூலைக்குத் தள்ளுங்க. அளவு பூசுனதுக்கு அப்பறம் உள்ள வர்ற அளவான்னு மேஸ்திரிகிட்ட முதல்லயே பேசிக்கங்க, பூச்சுலயே ரெண்டு பக்கமும் சேந்து ஒரு இஞ்சு போயிரும்.

பேப்பர்ல எல்லா ரூமும் பெருசாத்தான் தெரியும். நாங்க சைட்டுல சுண்ணாம்புப் பொடிய வச்சு முழு அளவுல கோடு போட்டு, கட்டிலு எடத்துல பாய விரிச்சு, அத்தைய அவங்க ரூமுல இருந்து பாத்ரூமு வரைக்கும் நடக்கச் சொன்னோம். நடந்து பாத்துட்டு கதவு அந்தப் பக்கம் திரும்பித் தொறக்கட்டும்னாங்க, கைப்புடி எங்க வேணுமுன்னும் அவங்களே காட்டுனாங்க. மாமா ஹால்ல நின்னு ஒறம்பரை வந்தா பந்தி எந்தப் பக்கம் போடறதுன்னு பாத்தாரு. 16 அடிச் செவுத்த ஒட்டி ஒரு வரிசை நல்லா உக்காரலாம், ஆனா அந்தச் செவுத்துல டிவி ஷோகேஸ் வரக்கூடாதுன்னு அப்பவே சொல்லிட்டாரு.

கடைசியா தண்ணி. நம்ம பக்கம் நல்ல தண்ணி வேற, போர் உப்புத் தண்ணி வேற. நல்ல தண்ணி தெனமும் வர்றதில்ல, வர்ற அன்னைக்கு புடிச்சு வைக்க ஈசானிய மூலைல, அதான் வடகெழக்குல, தனித் தொட்டி, அங்க இருந்து அடுப்படிக்கு மட்டும் ஒரு லைனு. உப்புத் தண்ணி மேல் டேங்குல இருந்து பாத்ரூமுக்கும் பொடக்காலிக்கும். மழைத்தண்ணிக் குழி எப்படியும் வைச்சே ஆகணும். இது எல்லாத்தையும் தரை போடறதுக்கு முன்னாலயே ப்ளான்ல கொண்டு வந்துரணும், டைல்ஸ் ஒட்டுனதுக்கு அப்பறம் பைப்புக்காக ஒடைக்கறது பெரிய கொடுமை.

2024 ஜூலைல இருந்து 2500 சதுரடி வரைக்கும் இருக்கற சைட்டுல 3500 சதுரடி வரைக்கும் வீடு கட்டறதுக்கு சுயசான்று முறைல ஆன்லைன்லயே உடனே அனுமதி கெடைக்குது. அனுமதி வேகமா கெடைக்குதுன்னு அவசரப்பட்டு யாரோ போட்ட ப்ளான அப்படியே ஏத்திராதீங்க, ஏத்துன படத்துப்படிதான் கட்டணும். எங்க இன்ஜினியரு ரெண்டு தண்ணி லைனையும் வேற வேற கலர்ல போட்டுத் தர்றேன்னிருக்காரு, அத்தை சொன்ன கதவையும் மாத்திக் குடுத்ததும் அப்லோட் பண்ணிரலாமுன்னு இருக்கோம்.