இணையக் கடைப் பட்டியலில் சுங்குடிச் சேலைக்கு எத்தனை கட்டங்கள் வேண்டும்?

மதுரை விளக்குத்தூண் பக்கத்துத் துணிக்கடையில் சுங்குடி கேட்டு வருகிறவர் சேலையை விரிக்கச் சொல்வார், மறுபுறம் திருப்பிப் பார்ப்பார். "சாயம் போகுமாண்ணே? ரவிக்கைத் துணி சேர்ந்ததா?" என்பார். இணையக் கடையில் இத்தனைக்கும் பட்டியல்தான் முன்கூட்டியே பதில் வைத்திருக்க வேண்டும். ஆகவே புதுச் சரக்கு வந்ததும் கேமராவை எடுப்பதற்கு முன், எந்தக் கேள்விக்குப் பட்டியலில் எந்தக் கட்டம் (விவரம் நிரப்பும் இடம்) என்று எழுதி முடித்துவிடுவது நல்லது.

முதல் கட்டம் வேலைப்பாடு: கைமுடிச்சு, மெழுகு (மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது), அச்சுக்கட்டை, ஸ்கிரீன் பிரிண்ட். விலை வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. மதுரை சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது முடிச்சுப் போட்டுச் சாயமேற்றும் கைத்தொழிலின் பெருமையால். ஸ்கிரீன் பிரிண்ட் சேலையைக் கைமுடிச்சு என்று நினைக்கவைக்கும்படி தலைப்பு எழுதுவது, வாங்குபவருக்கும் முடிச்சுப் போடும் பெண்களுக்கும் செய்கிற அநியாயம். கைமுடிச்சில் புள்ளிகள் ஒரே அளவாக இருக்காது. சாயம் துணிக்குள் ஊறுவதால் மறுபுறமும் தெளிவாகத் தெரியும். ஸ்கிரீன் பிரிண்டில் மறுபுறம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். அதனால் ஒவ்வொரு சேலைக்கும் மறுபுறத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் ஒன்று கட்டாயம்.

இந்த வேறுபாடு பட்டியலின் அமைப்பையே மாற்றிவிடும். மெழுகு, பிரிண்ட் ரகங்களில் ஒரே டிசைன் எட்டு நிறத்தில் வரும். ஒரு தாய்ப் பொருள், அதன் கீழ் எட்டு நிறங்கள் என்று அடுக்கலாம். கைமுடிச்சில் ஒன்றைப் போல் இன்னொன்று இராது. ஒரு சேலைக்கு ஒரு பக்கம், அதற்கே எடுத்த படம், இருப்பு 1. ஒரே படத்தைப் போட்டுப் பத்துச் சேலைகளை விற்றால் "படத்தில் இருந்தது இதுவல்ல" என்ற திரும்புதல் நிச்சயம் வரும்.

நிறத்துக்கு இரண்டு கட்டங்கள் தேவை. கடையில் அரக்கு, வெங்காயத்தோல், மாந்துளிர், எம்.எஸ். நீலம் என்றுதான் சொல்வோம். அந்தப் பெயர்களை விடவே கூடாது, அவற்றைத் தேடி வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இணையக் கடையின் வடிகட்டியில் (ஃபில்டர்) 'சிவப்பு' அழுத்துகிறவருக்கு அரக்குச் சேலையும் வர வேண்டும். எனவே கடைப்பெயர் ஒன்று, பொது நிறம் ஒன்று. தேடலுக்கும் இதே கதைதான்: சுங்குடி, சுங்கடி, சுங்கிடி என்று மக்கள் அடிக்கிற எல்லா எழுத்துக்கூட்டலையும் மறைவான தேடுசொற்களாகச் சேர்த்துவிடுங்கள்.

அளவுக் கட்டத்தில் எண் மட்டும் இருக்கட்டும். அலகு தலைப்பில் போகட்டும். ஒருவர் '5.5 மீ', இன்னொருவர் '5.50 மீட்டர்', மூன்றாமவர் 'ஐந்தரை' என்று நிரப்பினால் வடிகட்டியில் மூன்று தனித்தனி நீளங்கள் நிற்கும். ரவிக்கைத் துணியின் நீளம் தனிக் கட்டம். சேலையும் ரவிக்கையும் சேர்த்து 6.3 என்று ஒரே எண்ணாக எழுதினால், கட்டுபவர் அத்தனையும் சேலை என்றே நினைப்பார்.

பெரும் சேதம் பட்டியலை நிரப்பும் எக்செல்லில்தான் நடக்கிறது. மெரூன் நிறத்துக்கு 'எம்.ஏ.ஆர்-12' என்பதை ஆங்கில எழுத்தில் சேலையின் குறியீடாக அடித்தால், எக்செல் அதை மார்ச் மாதத் தேதியாக்கிவிடும். எண்ணுக்கு முன்னால் உள்ள பூஜ்யங்கள் விழுந்துவிடும். 890இல் தொடங்கும் 13 இலக்க பார்கோடு 8.9E+12 என்று சுருங்கும். அப்படியே சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக் கோப்பாக) சேமித்தால் கடைசி இலக்கங்கள் தொலைந்துபோகும், திரும்ப மீட்க வழியில்லை. சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் திறக்காமல், வெற்றுத் தாளில் டேட்டா மெனு வழியாக உள்ளே இழுத்து, குறியீடு, பார்கோடு பத்திகளை டெக்ஸ்ட் என்று குறித்துவிட வேண்டும். சேமிக்கும்போது, தமிழ் எழுத்துகளையும் காக்கும் யுடிஎஃப்-8 சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் தமிழ்ப் பெயரெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். குறியீட்டில் விலையைச் சேர்க்காதீர்கள், விலை மாறும். விற்றுப்போன சேலையின் குறியீட்டை வேறொன்றுக்குக் கொடுக்கவும் கூடாது. பழைய ஆர்டரும் விமர்சனமும் புதுச் சேலையில் போய் ஒட்டிக்கொள்ளும்.

சேலையோடு எவர்சில்வர் பாத்திரமும் விற்கிற கடைகள் பெட்டி அளவையும் பதிய வேண்டும். 35×35×30 செ.மீ. பெட்டியில் மூன்று கிலோ இட்லிப் பானை போனால், நீள, அகல, உயரத்தைப் பெருக்கி 5000ஆல் வகுக்கும் கூரியர் கணக்கில் அது 7.35 கிலோ. எடைக் கட்டத்தை மட்டும் பார்த்து அனுப்புச் செலவு வைத்தால் லாபம் அங்கேயே கரைந்துவிடும்.

இருப்பைப் பொறுத்தவரை, சித்திரைத் திருவிழாவும் தீபாவளியும்தான் சோதனை. கவுண்டரில் நெரிசல்; சேலை கைமாறிய பிறகு பில் பதிய நேரமாகும்; அதற்குள் அதே சேலைக்கு இணையத்தில் ஆர்டர் விழும். கைமுடிச்சுச் சேலை பட்டியலில் ஏறிய நிமிடமே கவுண்டரை விட்டு உள் அலமாரிக்குப் போய்விட வேண்டும். பிரிண்ட் ரகத்தில் இரண்டு சேலைகளை இணைய இருப்பில் காட்டாமல் நிறுத்திவைத்தால் போதும்.

வாரம் ஒருமுறை திரும்பி வந்தவற்றின் காரணத்தை உட்கார்ந்து படிப்பது பட்டியல்காரரின் வேலையே. 'நிறம் வேறு' என்று திரும்பத் திரும்ப வந்தால், படம் எடுக்கும் இடத்தில் குழல்விளக்கும் சன்னல் வெளிச்சமும் கலக்கின்றனவா என்று பாருங்கள். ஒன்றை அணையுங்கள் அல்லது மூடுங்கள். 'சாயம் இறங்கியது' என்று வந்தால், தனியாக அலச வேண்டும், முதல் அலசலுக்கு உப்புத் தண்ணீர் என்ற குறிப்பு விளக்கத்தின் ஏழாவது வரியில் புதைந்திருக்கும். அதை எடுத்து, விலைக்குக் கீழே தனிக் கட்டமாக வையுங்கள்.