தவறுவார்கள் என்று வைத்துக்கொண்டு வேலையை அமைப்பது

அட்டனில் ஏறி தலவாக்கலை, நானுஓயா பக்கம் போகிறவர்கள் அந்த வளையத்தைக் கண்டிருப்பார்கள். ரயில் மெதுவாகும்போது எஞ்சினில் இருப்பவர் ஒன்றைக் கீழே கொடுத்து இன்னொன்றை வாங்குவார். வளையத்தில் தொங்கும் பைக்குள் இருப்பதுதான் டேப்லட், அடுத்த ஸ்டேஷன் வரை போகலாம் என்பதற்கான அனுமதி வில்லை. இங்கே பாதை ஒற்றைத் தண்டவாளம். அதனால் பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்களின் டேப்லட் பெட்டிகளை மின்கம்பியால் பிணைத்திருக்கிறார்கள். அடுத்த ஸ்டேஷன் சம்மதித்தால்தான் ஒன்று வெளியே வரும். அது மறுபடி ஏதாவது ஒரு பெட்டிக்குள் போகும்வரை இரண்டாவது வராது. ஸ்டேஷன் மாஸ்டர் தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் பெட்டி மறக்காது.

இதையும் ஆட்கள் தாண்டியிருக்கிறார்கள். 1921 ஜனவரி 26, வேல்ஸில் அபர்மியூல் ஸ்டேஷன். வந்த ரயில் கொண்டுவந்த டேப்லட்டையே புதியது என்று நினைத்து அதே ரயிலுக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கு இடையில் செல்லும் என்று அதில் எழுதியிருந்ததை டிரைவரும் படிக்கவில்லை. எதிரே எக்ஸ்பிரஸ் வந்துகொண்டிருந்தது. 17 பேர் இறந்தார்கள். பெட்டி தன் வேலையைச் சரியாகவே செய்தது. டேப்லட் கை மாறிக் கை மாறிப் போனபோது, முன்னால் இருந்தவர் பார்த்திருப்பார் என்று ஒவ்வொருவரும் நினைத்ததுதான் ஓட்டை. இரண்டு பேர் பார்க்கிறார்கள் என்பதாலேயே இருவரும் பார்க்காமல் விடுவது எல்லாத் தொழிலிலும் உண்டு.

தேயிலை பெக்டரியில் இதே சங்கதி ரோல் பிரேக்கரை, அதாவது உருட்டிய கொழுந்தின் கட்டிகளை உடைத்துச் சலிக்கும் மிஷினை, துப்புரவாக்கும்போது வரும். ஒருவர் சல்லடைக்குள் கையை விட்டிருப்பார். வேலை மாறி வந்த இன்னொருவர் மிஷின் நிற்கிறதே என்று சுவிட்சைப் போடுவார். “ஆள் வேலை செய்கிறார்” என்று அட்டை தொங்கவிட்டால் போதாது. அட்டை விழும், இருட்டில் தெரியாது. மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட வேண்டும், திறப்பு உள்ளே கை வைப்பவரின் சட்டைப்பைக்குள் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பூட்டியதும் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும். பக்கத்து மிஷினின் சுவிட்சைப் பூட்டிவிட்டு இதில் கை வைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒபீஸ் மேசையில் மாற்றுத் திறப்பு ஒன்று கிடந்தால் இவ்வளவும் வீண். அவசரம் என்று யாராவது ஒருநாள் அதை எடுப்பார்.

புளிக்க வைக்கும் இடத்தில் உயிராபத்து இல்லை, காசுதான் போகும். புளிக்கும் நேரத்தை, ரோலரில் கொழுந்து போட்ட நேரத்திலிருந்து கணக்கிடுகிறவர் ஒருவர், தூளை (உருட்டிச் சலித்த கொழுந்தை) பரப்பிய நேரத்திலிருந்து கணக்கிடுகிறவர் இன்னொருவர் என்றால், ஒரே நாளில் ஒரு தூள் பச்சை வாடையோடும் இன்னொன்று சாயம் மங்கியும் போகும். தூள் எங்கே போகிறதோ அங்கெல்லாம் கூடவே போகிற ஒரு சின்னப் பலகையில், ரோலரில் போட்ட நேரத்தைச் சோக்கட்டியால் எழுதிவிட்டால் வாய்க்கணக்கு தேவையில்லை.

களைக்கு மருந்தடிப்பதில்தான் கூடுதல் கவனிப்பு வேண்டும். பெரும்பாலும் போத்தல் மூடிதான் அளவு. கம்பெனி மாறினால் மூடி மாறும், யாரும் கவனிப்பதில்லை. லேபிளில் 10 லீற்றருக்கு 100 மில்லிலீற்றர் என்று இருந்தால் 16 லீற்றர் டாங்கிக்கு 160. கணக்கை மலையில் வைத்துப் போட வேண்டாம். ஸ்டோரிலேயே ஒரு கோப்பையில் 160-க்கு நேரே ஆணியால் கோடு கீறி, அந்த மருந்தின் பெயரையும் அதிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம். மருந்து மாறினால் கோப்பையும் மாற வேண்டும். கலப்பவர் ஒருவர் மட்டும். முதலில் பாதி டாங்கி தண்ணீர், பிறகு மருந்து, பிறகு மீதித் தண்ணீர். மருந்து ஊற்றாத டாங்கி இடப்பக்கம், ஊற்றியது வலப்பக்கம். நடுவில் யாராவது கூப்பிட்டுப் பேசினாலும் இரண்டு தரம் ஊற்ற மாட்டார்.

மிச்ச மருந்தை சோடாப் போத்தலில் ஊற்றி லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்புக்கு, கொண்டுபோவது பழைய வியாதி. பரகுவாட் என்ற களை மருந்தைத் தவறிக் குடித்தவர்கள் பலர் என்பதால்தான் அதற்கு நீலச் சாயம், கெட்ட நாற்றம், வாந்தி வரவழைக்கும் பொருள் மூன்றையும் சேர்த்தார்கள். அப்படியும் சாவு நிற்கவில்லை. இலங்கையில் 2008 முதல் 2011 வரை படிப்படியாக அதைத் தடை செய்தார்கள். நம் பக்கத்தில் செய்யக்கூடியது: வெறும் போத்தலை மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரை டாங்கியிலேயே ஊற்றி, அடியில் துளை போட்டு எண்ணித் திரும்ப வாங்குவது. காலையில் ஆறு கொடுத்தால் மாலையில் ஆறு வர வேண்டும்.

ஐந்துதான் வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். தொலைத்தவருக்கு அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) வெட்டினால் அடுத்த முறை எங்கிருந்தாவது ஒரு வெறும் போத்தலைத் தேடிக் கொண்டுவந்து ஆறாக்கிவிடுவார்கள். போத்தலில் நம்பர் எழுதிக் கொடுத்தாலும், வெட்டு இருக்கும்வரை உண்மை ஸ்டோருக்கு வராது.