ஆஷ்கோஷ் புல்தரையில், இறக்கைக்குப் பின்னால் ஒரு டென்ட்

இந்த வருஷம் ஆஷ்கோஷ் விமானத் திருவிழாவுக்கு நம்ம விமானத்திலேயே போகலாம் என்று இவர் சொன்னதும் நான் முதலில் தேடியது குளியலறைத் தராசைத்தான். எங்கள் ஆர்வி-7 இரண்டே பேர் உட்காரும் விமானம். ஓரிகன் மாநிலத்து வேன்ஸ் நிறுவனத்தின் கிட்டை, அதாவது நாமே பொருத்திக்கொள்ளும் பாகங்களின் தொகுப்பை வாங்கி, ஒஹாயோவில் எங்கள் வீட்டு கேரேஜில் கட்டியது. தகடுகளை ஆணியடித்து இணைக்கும் ரிவெட் கன் இவர் கையில் இருக்கும், தகட்டுக்குப் பின்னால் பக்கிங் பார் என்கிற இரும்புக் கட்டையை நான் அழுத்திப் பிடிப்பேன். அப்படிக் கட்டிய விமானத்தில் சீட்டுக்குப் பின்னால் சாமான் வைக்கும் இடம் 100 பவுண்டுக்குத்தான், அதாவது 45 கிலோ. டென்ட், படுக்கை, துணி, சாப்பாடு, தண்ணீர், கருவிப் பை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

எடை மட்டும் கணக்கில்லை, எதை எங்கே வைக்கிறோம் என்பதும் கணக்கு. இந்த விமானத்தில் பெட்ரோல் தீரத் தீர எடையின் மையம் பின்னால் நகரும். அதனால் கனமான பொருளெல்லாம் சீட்டின் முதுகை ஒட்டி, லேசானவை வால் பக்கம். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பி ஒவ்வொன்றாக எடை போட்டேன். அடுப்பு முதலிலேயே கழன்றது. இறக்கைகளுக்குள்தான் பெட்ரோல் டேங்க், அதன் பக்கத்தில் தீயே வேண்டாம் என்பது என் கட்சி. மடக்கு நாற்காலி ஒன்று போதும், இன்னொருவர் டயரில் சாய்ந்து உட்காரலாம். முதல் நாளுக்குப் புளியோதரை, அப்புறம் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும். தொக்கு பாட்டிலைப் பார்த்து இவர் புருவத்தை உயர்த்தினார். "உங்க ஷேவிங் கிட்டை விட இது லேசுங்க" என்றேன். அத்தோடு விட்டுவிட்டார்.

கயிறு, முளை, சுத்தியல் மூன்றிலும் கை வைக்கவில்லை. அவை என்ன எடையானாலும் வரும்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். விஸ்கான்சினில் வின்னபேகோ ஏரிக்கரையில் இருக்கும் ஊர் ஆஷ்கோஷ். பால் போபெரெஸ்னி 1953இல் தொடங்கிய இ.ஏ.ஏ. என்கிற விமான ஆர்வலர்கள் சங்கம் 1970இலிருந்து இங்கே விட்மன் விமான நிலையத்தில்தான் தன் திருவிழாவை நடத்துகிறது. ஜூலைக் கடைசியில் ஒரு வாரம், அங்கும் சுற்றுவட்டார நிலையங்களிலுமாகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்து இறங்கும். வீட்டில் கட்டிய விமானங்களுக்குத் தனிப் புல்தரை உண்டு. விமானத்தை நிறுத்தி, பக்கத்திலேயே டென்ட் போட்டுத் தங்கிக்கொள்ளலாம்.

அங்கே போய் இறங்குவதே ஒரு தேர்வு மாதிரி. விமானத் துறை ஒவ்வொரு வருஷமும் இதற்கென்று ஓர் அறிவிப்பு வெளியிடும். அதை அச்செடுத்து, முக்கியமான வரிகளில் மஞ்சள் பூசி என் மடியில் வைத்துக்கொண்டேன். முந்தின ராத்திரி தெற்கே ஒரு சின்ன விமான நிலையத்தில் தங்கி, காலையில் பெட்ரோல் நிரப்பிக் கிளம்பினோம். ரிப்பன் என்ற ஊரிலிருந்து ரயில் தண்டவாளத்தின் மேலேயே பறக்க வேண்டும். 1,800 அடி உயரம், 90 நாட் வேகம், முன்னால் போகிற விமானத்துக்கு அரை மைல் பின்னால், ஒற்றை வரிசை. 1,800 என்பது கடல் மட்டக் கணக்கு. தரையிலிருந்து பார்த்தால் ஆயிரம் அடிதான், கீழே சோளக் கொல்லையில் வரப்பு கூடத் தெரியும்.

தண்டவாளம் போய்ச் சேரும் ஃபிஸ்க் என்ற குக்கிராமத்தில், ரோஜா நிறச் சட்டை போட்ட கட்டுப்பாட்டாளர்கள் பைனாகுலரோடு நிற்பார்கள். ரேடியோவில் நாம் வாயே திறக்கக் கூடாது, கேட்க மட்டும்தான் வேண்டும். அவர்கள் நிறத்தையும் உருவத்தையும் வைத்துக் கூப்பிடுவார்கள். "வெள்ளை நீலம், தாழ்ந்த இறக்கை, இறக்கையை ஆட்டுங்க" என்று ஆங்கிலத்தில் கேட்டதும் இவர் ஆட்டிய ஆட்டத்தில் தொக்கு பாட்டில் உருண்டது எனக்குக் கேட்டது. ரன்வே 27, பச்சைப் புள்ளி என்றார்கள். ஒரே ரன்வேயில் பெரிய பெரிய வண்ணப் புள்ளிகள் வரைந்திருக்கும். முன்னால் ஒரு விமானம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்தவருக்கு வேறு புள்ளி. பறக்கிறது அவர் வேலை, அக்கம்பக்கம் பார்க்கிறது என் வேலை. "ஏங்க, வலது பக்கம் மஞ்சள் ஒண்ணு நெருங்குது." "பார்த்துட்டேன், நீ பார்த்துக்கிட்டே இரு." அவ்வளவுதான் பேச்சு. சக்கரம் தரையைத் தொட்டதும் டவரிலிருந்து ஒரு குரல் "ஆஷ்கோஷுக்கு நல்வரவு" என்றது.

ரன்வேயை விட்டு விலகியதும் எச்பிசி என்று பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் கண்ணாடியில் பிடித்துக்காட்ட வேண்டும். ஹோம்பில்ட் கேம்பிங் என்பதன் சுருக்கம். வழிநெடுக நிற்கும் தன்னார்வலர்கள் அதைப் பார்த்துத்தான் கொடியசைத்து நம்மைத் திருப்பிவிடுவார்கள். மெல்லிய பேனாவில் எழுதிக் கொண்டுவந்தவர்கள் இன்ஜினை ஓடவிட்டு நின்றதைப் பார்த்தேன். தாளைத் தடித்த எழுத்தில் வீட்டிலேயே அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

இடம் கிடைத்ததும் எல்லோருக்கும் கை டென்டுக்குத்தான் போகும். போகட்டும், ஆனால் முதலில் விமானத்தைக் கட்டுங்கள். அங்கே அது கட்டாயமும்கூட. இரண்டு இறக்கை, வால் என்று மூன்று இடம். இறக்கைக்கு அடியில் வளையம் திருகிக் கயிறு கட்டுகிறோம். ஒவ்வொரு கயிற்றுக்கும் தரையில் மூன்று இரும்புக் கம்பிகள், மூன்றும் வெவ்வேறு பக்கம் சாய்வாக இறங்கி மேலே ஒரே தட்டில் சேரும். நேராக அடித்த ஒற்றை முளை, மண் நனைந்தால் சத்தமில்லாமல் மேலே வந்துவிடும். கயிற்றிலும் விஷயம் இருக்கிறது. மணிலா கயிறு நனைந்தால் சுருங்கும், நைலான் இழுபடும். நாங்கள் பாலியெஸ்டர் கொண்டுபோனோம். தொய்வு இருந்தால் ஒவ்வொரு காற்றுக்கும் விமானம் எம்பி எம்பி வெடுக்கென்று இழுக்கும், அதனால் தொய்வில்லாமல் கட்ட வேண்டும். விமானத்தை ஓட்டும் பிடியான ஸ்டிக்கை சீட் பெல்ட்டால் இழுத்துக் கட்டிவிட்டால், ராத்திரி முழுக்க வால் பலகை அடித்துக்கொண்டே இருக்காது.

இவ்வளவு எதற்கு என்று கேட்டால், மழைக்குத்தான். 2010இல் புல்தரை சேறாகி விமானங்களைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தது. அந்த வருஷத்தை இன்றைக்கும் 'ஸ்லாஷ்கோஷ்' என்றுதான் சொல்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு மோசமில்லை. நள்ளிரவில் போனில் புயல் எச்சரிக்கை வந்தது. வெளியே வந்தால் மேற்கே அடிவானம் முழுக்க மின்னல், எங்கள் வரிசை நெடுக டார்ச் வெளிச்சம். நிழலுக்குப் போட்டிருந்த பந்தல்களை எல்லோரும் அவசரமாக மடக்கினார்கள். பறந்து போகிற பந்தல் நம் விமானத்தை மட்டுமா, அடுத்தவர் விமானத்தையும் கிழிக்கும். பக்கத்து விமானக்காரர், வெள்ளைத் தாடித் தாத்தா, எங்கள் முடிச்சுகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அப்புறம் காற்று வந்தது. டென்ட் துணி என் முகத்தில் வந்து அறைந்தது, கயிறு முறுக்கிக்கொண்டு முனகியது, இவர் தூங்கவே இல்லை. காலையில் படுக்கை ஈரம், செருப்பு ஒன்று மூன்று விமானம் தள்ளிக் கிடந்தது. ஆர்வி-7 நிறுத்தின இடத்தில் நிறுத்தினபடி நின்றது.

மற்ற வசதிகளுக்குக் குறையில்லை. குளியலறைக்குக் காலையில் போனால் வரிசை, மதியம் போனால் காலி. வீட்டில் கட்டிய விமானத்தில் ஏதாவது கோளாறென்றால் பழுது பார்க்கத் தன்னார்வலர் குழு இருக்கிறது. விடியற்காலையிலேயே இன்ஜின்கள் உறும ஆரம்பித்துவிடும், காதடைப்பு அவசியம்.

டென்ட் வாசலில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது என்பது மட்டும் நான் எதிர்பார்க்காதது. ப்ரொப்பெல்லரில் மாட்டியிருக்கும் அட்டையில் நம்முடைய விவரம் இருக்கும். அதைப் படித்துவிட்டு ஆட்கள் நிற்பார்கள். எத்தனை வருஷம் ஆச்சு, கேரேஜிலேயேவா, இன்ஜின் எது என்று கேள்விகள். எல்லாம் இவரைப் பார்த்துத்தான். இவர் என்னைக் கை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். ஒரு பெண் மட்டும் நேராக என்னிடம் வந்து, வால் பக்கத்து ரிவெட் வரிசையை விரலால் தடவி, "பக்கிங் பார் யார் பிடிச்சது?" என்று கேட்டார். அவரும் வீட்டில் பாதி கட்டிய விமானம் வைத்திருக்கிறாராம். ஓரத்தில் கை நுழையாத இடத்தில் பாரை எப்படிப் பிடிப்பது என்று இருவரும் வாலுக்கு அடியில் மல்லாந்து படுத்துப் பேசினோம். மாலை வான் சாகசம் தொடங்கியும் எழுந்திருக்கவில்லை. தொக்கு அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

கிளம்புகிற அன்று கம்பிகளைப் பிடுங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மழைக்குப் பிறகு வெயில் காய்ந்து மண் இறுகிவிட்டிருந்தது. தாத்தா ஒரு நீளமான ஸ்பானரை நெம்புகோலாகக் கொடுத்தார். கண்ணாடியில் விஎஃப்ஆர், அதாவது கண்ணால் பார்த்துப் பறக்கிறவர்கள் என்ற தாளைக் காட்டி வரிசையில் சேர்ந்தோம். வரிசை நகரும் வேகத்தில் இன்ஜின் எண்ணெய்ச் சூடு ஏறும். காற்றுப் பக்கம் விமானத்தின் மூக்கைத் திருப்பி நிற்க இடம் கிடைத்தால் விடாதீர்கள். மேலே ஏறியதும் சொன்ன திசையில், சொன்ன உயரத்தில், அந்த நெரிசலைத் தாண்டும்வரை தாழ்வாகவே பறக்க வேண்டும். தாண்டியதும் இவர் தெற்கே திருப்பினார், நான் தூங்கிவிட்டேன்.