ஆச்சி கேட்டது ஒரு முறைச்சிட்டை, வந்தது ஒன்பது

காரைக்குடியில் முகூர்த்த சீசன். ஜெராக்ஸ் கடையில் ஆச்சி ஒருவர் முறைச்சிட்டை (கல்யாணச் சீர்முறைப் பட்டியல்) பிரிண்ட் எடுக்க வந்திருந்தார். நாலே பக்கம். பாதியில் கரண்ட் போய் வந்தது. கம்ப்யூட்டர் யூபிஎஸ்ஸில் தப்பித்தது, லேசர் பிரிண்டர் தப்பவில்லை. (அதை யூபிஎஸ்ஸில் மாட்டவும் கூடாது, சூடேறும்போது இழுக்கிற கரண்டுக்குச் சின்ன யூபிஎஸ் தாங்காது.)

கடைத் தம்பி ஒன்பது தரம் பிரிண்ட் கொடுத்துப் பார்த்தான். அசையவில்லை. இரண்டையும் அணைத்துப் போட்டான். அவ்வளவுதான், 36 தாள் கொட்டியது.

"எங்க வீட்ல ஒரு கல்யாணந்தான் தம்பி" என்றார் ஆச்சி.

பிரிண்டர் மேல் குற்றமில்லை. விண்டோஸ் ஒவ்வொரு அமுக்கலுக்கும் இரண்டு ஃபைல் எழுதி டிஸ்கில் வைத்துவிடும். இடம்: சி டிரைவ், விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், பிரிண்டர்ஸ். பெயர் வெறும் ஐந்து இலக்க எண்: 00002.எஸ்பிஎல், 00002.எஸ்ஹெச்டி. முதலாவதில் அச்சாக வேண்டிய சரக்கு. இரண்டாவது, மூட்டையில் கட்டிய சீட்டு மாதிரி: யார் கொடுத்தது, எந்த பிரிண்டர், என்ன தலைப்பு. கம்ப்யூட்டர் எழுந்ததும், அச்சு வேலைகளை வரிசையில் வைத்து அனுப்பும் ஸ்பூலர் என்கிற விண்டோஸ் புரோகிராம் அந்தச் சீட்டுகளைப் படித்து, விட்ட வேலையைத் திரும்ப வரிசையில் நிறுத்தும். அணைத்துப் போட்டால் மறந்துவிடும் என்பது நம் ஆசை.

வேண்டாத வேலையை அழிக்கச் சொல்லியும் வரிசையில் 'டிலீட்டிங்' என்றே நிற்கிறதா? விண்டோஸின் 'சர்வீசஸ்' பட்டியலில் 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை முதலில் நிறுத்த வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது அழிக்கப் போனால், ஃபைல் உபயோகத்தில் இருக்கிறது என்று கையை விரிக்கும். நிறுத்திய பிறகு அந்த ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழிக்கணும். ஃபோல்டரையே தூக்கிவிடக் கூடாது. அப்புறம் சர்வீஸைத் திரும்பக் கிளப்பலாம். மற்றவர்கள் வேலையும் வரிசையில் இருந்தால், நேரத்தையும் அளவையும் பார்த்துச் சிக்கிய ஜோடியை மட்டும் எடுத்தால் போதும். பெயரை வைத்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது, முறைச்சிட்டையும் 00002, பஞ்சாயத்து ரசீதும் 00003.

லினக்ஸ் என்றால் வார், ஸ்பூல், கப்ஸ் ஃபோல்டர். அங்கே சீட்டு 'சி'யில் தொடங்கும், சரக்கு 'டி'யில்.

ஆச்சி நாலு பக்கத்துக்குத்தான் காசு கொடுத்தார். 36 தாளையும் எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டார், சம்பந்தி வீட்டார் கண்ணில் படக்கூடாதாம்.

"பொட்டிக்குள்ள ஒண்ணும் தங்கலையே தம்பி?"

நல்ல கேள்வி. பிரிண்டர் பிராபர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்தான். 'கீப் பிரிண்டட் டாக்குமெண்ட்ஸ்' கட்டத்தில் டிக் விழுந்திருந்தது. அச்சாகி முடிந்த ஒன்பதும் உள்ளே பத்திரமாக இருந்தன.